ஆஸ்பத்திரிக்குப் போன சேறு

அன்றைக்குக் கழனியில் இருந்தவர்கள் இவர்கள்தான். நடவு செட்டின் மேஸ்திரி பவுனம்மா. அவளுடைய மருமகள் தேவி. என் நாத்தனார் குமாரி. அடுத்த தெரு எஸ்தரும் அவள் தங்கையும். கிழக்கே இருந்து வரும் முனியம்மா. அப்புறம் வள்ளியாகிய நான். நட வந்தவர்கள் ஏழு பேர். வரப்பில் குடை பிடித்து நின்றவர் காணிக்காரர், அதாவது நிலத்துக்காரர், தணிகாசலம். அவருடைய பம்புசெட் ஆள் வாய்க்காலோரம் இருந்தார். ஒரு நாயும் இருந்தது, அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

பேர் பேராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இவர்களில் எஸ்தர் மட்டும் அன்று வேலைக்கு வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நினைத்தே ஆஸ்பத்திரியில் பாதி நாளைப் போக்கினேன். நான் பயந்த சுபாவம். பாலில் ஈ விழுந்தால் அது யாருக்கு ஆகாது என்று யோசிப்பவள்.

மாகறல் ஆற்றங்கரைக் கழனி அது. நடவுக்காரி இடது கையில் நாற்றுக் கத்தையை, நாங்கள் முடி என்போம், வைத்துக்கொண்டு, வலது கையால் இரண்டு மூன்று பயிராகப் பிரித்து, கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலுமாகச் சேற்றில் ஊன்றிப் பின்பக்கமாகவே நகர்ந்து போவாள். கஞ்சி வேளைக்குக் கொஞ்சம் முன்னால் என் வரிசை கலைய ஆரம்பித்தது. பயிரெல்லாம் நிற்காமல் தண்ணீரில் சாய்ந்து கிடந்தது.

"ஏ வள்ளி, நாத்த நடறியா, தூங்க வெக்கிறியா?" என்றாள் பவுனம்மா.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை குழைந்த சோறு மாதிரி வந்தது.

"இன்னாமே, வாய்ல வெத்தலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைத்தேன். எஸ்தர் மட்டும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "யக்கா, சிரிக்காதீங்க. அவங்க வாய் ஒரு பக்கமா இழுக்குது பாருங்க."

வலது கால் மடங்கி விழுந்த என்னை வரப்பில் தூக்கிப் போட்டார்கள். வெயில் தாங்கவில்லை, மோர் கொடுங்கள் என்று முனியம்மா தூக்குச்சட்டியைத் திறந்தாள். எஸ்தர் அதைத் தட்டிவிட்டாள். "வாய்ல ஒண்ணும் ஊத்தாதீங்க. எங்க மாமாவுக்கு இப்டித்தான் வந்துச்சி. நைனா, ஒன் நாட் எய்ட்டுக்குப் போன போடு!" தணிகாசலம் குடையைக் கீழே போட்டுவிட்டு போனை எடுத்தார். அந்த மனிதர் குடையைக் கீழே போட்டு நான் பார்த்ததே இல்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் தலையை ஒரு வளையத்துக்குள் விட்டுப் படம் எடுத்தார்கள். சி.டி. ஸ்கேன் என்றார்கள். மூளையின் இடது பக்கத்து ரத்தக்குழாயில் அடைப்பு. இடது பக்கத்து மூளைதான் வலது கை, வலது காலுக்கு எஜமானாம். வாய்க்காலில் குப்பை அடைத்தால் கடைமடைக் கழனி காய்வது போலத்தான் என்று நான் புரிந்துகொண்டேன். அடைப்பைக் கரைக்க ஊசி போட்டார்கள். அந்த ஊசிக்கு ஒரு நேரக் கெடு இருக்கிறது, அதற்குள் வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். எனக்கு ரத்தக் கொதிப்பு இருந்ததே அன்றுதான் எனக்குத் தெரியும்.

உயிர் தப்பியது. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பிசியோதெரபிக்காரர் கம்பியைப் பிடிக்க வைத்துக் காலை இழுத்து இழுத்து நடக்க விட்டார். கை மட்டும் என்னுடையது இல்லை என்பது போல மடியில் கிடந்தது.

வார்டில் படுத்துக்கொண்டு என்னென்னவோ கவலைப்பட்டேன். ஆட்டுக்கு யார் தழை ஒடிப்பார்கள். ரேஷன் கடையில் என் கைரேகை விழுமா. பன்னிரண்டாவது படிக்கிற என் மகள் சங்கீதா சமையலில் மாட்டிக்கொண்டு படிப்பை விட்டுவிடுவாளா. நான் ஆறாவதோடு நின்றவள், காரணமும் இதேதான், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. எல்லாக் கவலைக்கும் அடியில் ஒரே கவலைதான் இருந்தது. நடவு செட்டில் என் இடம் திரும்பக் கிடைக்குமா? ஏழு பேர் வரிசை பிடித்துப் பின்னால் போகும்போது ஒருத்தி பின்தங்கினால் அவள் பங்கை மற்றவர்கள் நட வேண்டும். ஒரு நாள் நடுவார்கள், இரண்டு நாள் நடுவார்கள். மூன்றாம் நாள் மேஸ்திரி வேறு ஆளைக் கூப்பிடுவாள். அது தப்பும் இல்லை.

படுக்கைக்குக் காசு இல்லை, ஸ்கேன் காப்பீட்டு அட்டையில் போனது. ஆனாலும் ஆஸ்பத்திரி என்றால் செலவுதான். கூட இருப்பவருக்குச் சாப்பாடு, டீ, ஆட்டோ, வெளியில் எழுதிய ஒரு மாத்திரை. என் கம்மல் அடகுக்குப் போனது. அரிசி மில்லில் மூட்டை தூக்குகிற என் வீட்டுக்காரர் ஏழுமலை வேலையை விட்டுவிட்டு என் கூடவே இருந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து தட்டைக் கழுவி அறியாதவர். அந்த மனிதர் ரசம் சோற்றைக் குழையப் பிசைந்து உருட்டி உருட்டி எனக்கு ஊட்டினார். குமாரி குளிப்பாட்டிப் புடவை சுற்றிவிட்டாள். சங்கீதா தலை வாரினாள். வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். இடது கையால் சாப்பிட நம் வழக்கம் இடம் கொடுக்காது. வலது கைக்கோ உயிர் இல்லை. அதனால் ஊட்டுவது ஒன்றுதான் வழி என்று எல்லோரும் முடிவு செய்தோம். போதாததற்குக் கையில் சூடாக எண்ணெய் தடவி, 'அலட்டக் கூடாது' என்று துணியில் சுற்றி வயிற்றோடு கட்டினாள் குமாரி. பக்கவாதம் வந்த கைக்கு ஓய்வு வேண்டும் என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த சேதி. நான் ராணி மாதிரி இருந்தேன். என் விரல்களோ கொஞ்சம் கொஞ்சமாக உள்பக்கம் மடங்கிக்கொண்டிருந்தன.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிசியோதெரபிக்காரர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு முகம் மாறினார். "கால் என் வேலை. கைக்கு அந்தக் கடைசி ரூமுக்குப் போங்க" என்றார்.

கடைசி அறையின் வாசலில் 'செயல்முறை சிகிச்சை' என்று போர்டு. ஆக்குபேஷனல் தெரபி என்பார்கள். எங்கள் உத்திரமேரூர்ப் பக்கத்தில் நான் விசாரித்த ஒருவருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். பிசியோதெரபி உங்களை நடக்க வைக்கும். நடந்து போய் அங்கே என்ன செய்யப் போகிறாய் என்று இது கேட்கும். குளிப்பது, ஜாக்கெட் ஊக்குப் போடுவது, சோறு பிசைவது, பிழைப்புக்கான வேலை, இதெல்லாம் திரும்ப வருவதற்கான வைத்தியம்.

வாசலில் பெஞ்சு நிரம்பி, தரையிலும் ஆட்கள். உள்ளே ஒரே ஒரு பெண். நிவேதா என்று பெயர், திண்டுக்கல் பக்கம். பார்த்தால் சங்கீதாவுக்கு அக்கா மாதிரி இருந்தாள். நடக்காத குழந்தைகள், விரல் போன மில் ஆட்கள், தீக்காயம் பட்டவர்கள், என்னைப் போல வாதம் வந்தவர்கள், எல்லோருக்கும் அவள் ஒருத்தி. அதிலும் வாரத்தில் சில நாள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள். காலையில் போனால் சாயங்காலம் கூப்பிடுவார்கள். சில நாள் அதுவும் இல்லை.

முதல் நாள் அவள் எங்கே வலிக்கிறது என்று கேட்கவில்லை. "அக்கா, காலையில எழுந்ததுல இருந்து படுக்கிற வரைக்கும் உங்க கை என்னென்ன வேலை செய்யும்? சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். சாணி தெளிப்பது, கோலம், ஆட்டுக்குத் தழை, அடுப்பு, நடவு, களை, துவைப்பது என்று சொல்லிக்கொண்டே போனேன். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

"இப்போ சாப்பாடு?"

"நான்தான் ஊட்றேன்" என்றார் ஏழுமலை, பெருமையாக.

"குளியல்?"

"எந்தங்கச்சி கீது."

நிவேதா சிரித்தாள். "அண்ணே, இவங்க கை வேலையெல்லாம் நீங்களே எடுத்துக்கிட்டா கைக்கு என்ன வேலை? சும்மா இருக்கிற ஆளைக் கணக்குல இருந்து அடிச்சிடுவாங்கல்ல, அது மாதிரி மூளையும் அந்தக் கையை அடிச்சிடும்."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். "நாலு மாசமா மில்லுக்குப் போவாம ஊட்னது தப்பாப் பூடுச்சா?" என்று கம்பியிடம் கேட்டார்.  அந்தச் சோற்றின் ருசி எனக்கல்லவா தெரியும்.

ஆனால் மறுநாள் காலையில் ஒரு கரண்டியை எடுத்தார். பழைய சைக்கிள் ட்யூபை அறுத்து அதன் காம்பில் சுற்றிச் சுற்றித் தடியாக்கினார். நிவேதா சொல்லியிருந்ததுதான், மெல்லிய பிடியை என் விரல் பிடிக்காது, தடியாக இருந்தால் பிடிக்கும். கரண்டியை என் வலது கையில் வைத்துவிட்டு, தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் சிந்தினேன், மூக்கில் இடித்துக்கொண்டேன். "எங்கையே பரபரங்குதுமே, சீக்கிரம் துன்னு" என்றார். பாதிச் சோறு கோழிக்குப் போனது. மீதிப் பாதியை நானே சாப்பிட்டேன்.

அதன் பிறகு துணிக் கிளிப்பு மாட்டுவது, புளியங்கொட்டை பொறுக்குவது, மாவு பிசைவது. குமாரி பார்த்துவிட்டு, "இன்னா அண்ணி, பஸ் ஏறிப் போயி வெளையாடிட்டு வரீங்களா?" என்று கிண்டல் செய்தாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் மடங்கின விரல் ஒவ்வொன்றாக எழுந்தது. ஒரு நாள் கரண்டி இல்லாமல் சாம்பார் சோற்றைப் பிசைந்து வாயில் போட்டேன். தன் கைச் சோறு என்றால் என்னவென்று, அது போய்த் திரும்பியவர்களுக்குத்தான் தெரியும்.

"அடுத்து என்னக்கா வேணும்?" என்று கேட்டாள் நிவேதா.

"நடவு" என்றேன்.

அவள் விழித்தாள். "நான் டவுன்ல வளர்ந்தவக்கா. நாத்தை எப்படிப் பிடிப்பாங்க?"

புளியங்கொட்டையை வைத்து நான் காட்டினேன். அவளுக்குத் திருப்தி இல்லை. நிஜமான சேறும் நிஜமான நாற்றும் வேண்டும் என்றாள். ஏழுமலை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தணிகாசலம் கழனிச் சேற்றை வாரிக்கொண்டு, மேலே ஒரு முடி நாற்றை வைத்துப் பஸ் ஏறினார். கண்டக்டர் என்னைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார்.

"அம்மாவுக்கு ஃப்ரீ. உனக்கு டிக்கெட்டு. சேத்துக்கு லக்கேஜு."

"சேத்துக்கு இன்னாத்துக்குய்யா காசு?"

"எறங்கி நடந்து வரச் சொல்லு, வாங்கல."

பஸ்ஸே சிரித்தது.

அந்தத் தொட்டி நிவேதாவின் அறை மூலையில் இருந்தது. முதலில் உட்கார்ந்து நட்டேன், பிறகு தொட்டியைத் தரையில் வைத்துக் குனிந்து நட்டேன். இரண்டு பயிருக்குப் பதில் பத்துப் பயிர் ஒட்டிக்கொண்டு வரும். பிரிக்கிற விரலும் ஊன்றுகிற விரலும் ஒன்றோடு ஒன்று சண்டை போடும். அவளும் என் பக்கத்தில் குனிந்து நட்டுப் பார்ப்பாள். அவள் நட்டது மிதக்கும். "உன்ன எஞ்செட்டுல சேக்க மாட்டேன் கண்ணு" என்பேன்.

ஒரு மத்தியானம் அவள் கைப்பேசியில் பேசிவிட்டு வந்து, வெளிநாட்டிலிருந்து வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்றாள். 

"பூடுவியா?"

"தெரியலக்கா. கூடப் படிச்சவங்க நிறையப் பேர் போயிட்டாங்க. அங்கயும் ஆள் பத்தலையாம். உலகம் பூரா இதே கதைதான். கை கால் முடியாதவங்க ஜாஸ்தி, நாங்க கம்மி." தொட்டியைப் பார்த்தபடியே சொன்னாள், "சம்பளத்துக்காகக்கூட இல்லக்கா. வாசல்ல அத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்க, நான் ஒருத்தி. பாதிப் பேரைப் பார்க்காமலே அனுப்புறேன். அது தூங்க விட மாட்டேங்குது."

எனக்கும் தூக்கம் போனது. இவள் போனால் என் கை பாதியில் நிற்கும் என்ற சுயநலம்தான், மறைப்பானேன்.

அடுத்த முறை போனபோது ஆஸ்பத்திரி பளபளவென்று இருந்தது. சென்னையிலிருந்து பெரிய அதிகாரி பார்வையிட வருகிறாராம். நான் குனிந்து நட்டுக்கொண்டிருந்தபோதே பத்துப் பேர் புடைசூழ அவர் உள்ளே வந்துவிட்டார். நேராகத் தொட்டியைத்தான் பார்த்தார்.

"என்ன இது? ஆஸ்பத்திரிக்குள்ள சேறு?"

 கூட வந்தவர்கள் நிவேதாவை முறைத்தார்கள். என்னால் இந்தப் பெண்ணுக்கு வேலை போகப் போகிறது என்று பட்டது. வி.ஏ.ஓ.விடம் பேசுவதற்கே ஆள் அனுப்புகிறவள் நான். எப்படி வாய் திறந்ததோ தெரியவில்லை.

"ஐயா, அந்தச் சேறு என்னுது."

அவர் திரும்பினார். "உங்களுதா?"

"எனக்கு வாதம் வந்து இந்தக் கை செத்துப் பூடுச்சிங்க. நடவுதாங்க எம்பொழப்பு. இந்தப் பாப்பாதான் கைய எழுப்பிக் குடுத்துச்சி. பாருங்க." இடது கையில் முடியை எடுத்தேன். வலது கையால் பிரித்தேன்.  மூன்று பயிராக வந்தது. ஊன்றினேன். நின்றது. அடுத்தது, அதற்கடுத்தது. தொட்டி நிறைய வரிசையாக நட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

 அதிகாரி குனிந்து ஒரு பயிரை லேசாக இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

"இந்த வேலைக்கு இங்க எத்தனை பேர்?"

"இவங்க ஒருத்தர்தான் சார்" என்றார் கூட வந்தவர்.

வாசலில் இருந்து விரல் நசுங்கிய ஒரு மில் ஆள் குரல் கொடுத்தார். "காலைலருந்து குந்திக்கினு கீறோம் சார். அது இன்னா பண்ணும், அதுக்கும் ரெண்டு கைதான?"

ஆரம்பித்தாயிற்று, முடித்துவிடலாம் என்று நானும் சொன்னேன். "ஐயா, நாத்துக்கு ஒரு வயசு கீது, அந்த வயசுல நட்டாதான் வெளையும். ஒரே ஒருத்திய வுட்டு ஒரு காணிய நடச் சொன்னா, அவ எவ்ளோ நல்லா நட்டாலும், கடைசி மூலைக்கு வர்றதுக்குள்ள நாத்து முத்திப் பூடும். அதுக்குத்தான் செட்டு வெக்கிறோம். வாதம் வந்த கையும் நாத்து மாதிரிதாங்க. காத்துக்கினு கெடந்தா முத்திப் பூடும்."

அவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ எழுதிக்கொள்ளச் சொன்னார். போகும்போது, "தொட்டி இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். நிவேதா சேற்றுக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள்.

அதிகாரிகள் எழுதிக்கொள்வது நமக்குத் தெரியாததா? நான் நம்பவில்லை. ஆனால் பொங்கல் கழிந்து போனபோது அந்த அறையில் இன்னொரு நாற்காலி. அதில் ஒரு வாலிபன், கதிர் என்று பெயர், அவனும் இதே படிப்பு. கிராமம் கிராமமாக வீட்டுக்கு வருகிற நர்ஸ் பெண்களைக் கூப்பிட்டு, வாதம் வந்த கையைக் கட்டிப் போடாதே என்பதில் தொடங்கி இருவரும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் பெஞ்சு இருந்தது, தரையில் ஆள் இல்லை.

"வெளிநாடு?" என்றேன்.

"கூட நட ஆள் வந்தாச்சேக்கா" என்றாள் நிவேதா. "இப்ப எதுக்குப் போறேன்?"

ஒரு தாலுகாவுக்கு ஒருவராவது வேண்டும் என்பது என் எண்ணம். எத்தனை ஊரில் எத்தனை கை மடியில் கிடக்கிறதோ. வீட்டில் சங்கீதா பன்னிரண்டாவது முடித்து இதே படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். கிடைக்குமா என்று கவலைப்படும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். தினமும் ஒரு பக்கம் எழுதினால் விரலுக்கு நல்லது என்று நிவேதா சொன்னதால்தான் இதையும் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். ஆறாவதிலும் கோணல்தான்.

போன வாரம் அதே கழனியில் நடவு. பவுனம்மா, தேவி, குமாரி, எஸ்தர், அவள் தங்கை, முனியம்மா. வரப்பில் குடையோடு தணிகாசலம். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றேன்.

பவுனம்மா என் கையைப் பார்த்தாள். "வூட்ல சும்மா இருக்க முடியலியா உன்னால? நாத்த முடி போட்டுக் குடு, போதும்."

"எனக்கு வரிசை குடு."

"தங்குனா வுட்டுட்டுப் பூடுவோம்."

"வுட்டுட்டுப் போ."

எஸ்தருக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தாள். இறங்கினேன். சேறு கணுக்காலைப் பிடித்தது. முதல் வரிசையில் தங்கினேன், ஒரு முழம். எஸ்தர் என் பக்கம் இரண்டு குத்து நட்டாள். "வோணாம்" என்றேன். அதற்குப் பிறகு அவள் என் பங்கில் கை வைக்கவில்லை. இரண்டாவது வரிசையில் அரை முழம். கஞ்சி வேளைக்கு முன்னால் யார் தங்கினார்கள் தெரியுமா? தேவி. "இன்னா தேவி, நாத்தத் தூங்க வெக்கிறியா?" என்று கத்தினேன். பவுனம்மா சிரித்த சிரிப்பில் கொக்கு பறந்தது. திரும்பி என் வரிசையைப் பார்த்தேன். எல்லாப் பயிரும் நின்றது.

சாயங்காலம் தணிகாசலம் கூலி கொடுத்தார். ஆளுக்கு முந்நூறு, எனக்கும் முந்நூறு, முழு ஆள் கணக்கு. வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். நகரவில்லை.

"நைனா, ஒரு பாக்கி கீது."

"இன்னா பாக்கி?"

"அன்னிக்கி நான் விய்ந்தன் இல்ல? கஞ்சி வேள வரைக்கும் நட்டன். அந்த அரை நாளு."

 தணிகாசலம் குடையை மாற்றிப் பிடித்தார். "நீ நட்டது மெதந்துச்சேமே!"

"மெதந்தது கடைசி வரிசை. அதுக்கு முன்ன நட்டது நின்னுச்சா, இல்லியா?"

 நியாயமான மனுஷர். "நின்னுச்சி" என்றார். "ரெண்டு மூட்டை சேத்தே வெளஞ்சிது. சில்லறை இல்ல, நாளைக்கி வாங்கிக்க."

நாளைக்கு என்றது போய் ஒரு வாரம் ஆகிறது. தினமும் கேட்கிறேன். கேட்க எனக்குக் கொஞ்சமும் பயமில்லை. இதை எழுதும் இன்று வரை எனக்கு வர வேண்டிய பாக்கி, நூற்றைம்பது ரூபாய்.